கடல் கேள்வி – பதில்: பெரிய களவாவில் சினை இல்லாதது ஏன்?

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு கடிதமே இந்த மாதப் பகுதி முழுவதும் மீன்களின் இனப்பெருக்கம் என்ற ஒரே பொருளைப் பற்றியதாக அமையக் காரணம். அதே பொருளைத் தொட்டு மற்ற ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வது பவளப்பாறையையும் கடலடிக் கல்தரையையும் சேர்த்துத்தான். இங்கும் அந்தப் பொருளிலேயே அச்சொல்லைக் கையாள்கிறேன்.

நான் நாட்டுப்படகில் போய்ப் பாரில் கூடு வைத்து மீன் பிடிப்பவன். சிறிய களவாவையும் நடுத்தரக் களவாவையும் பருவத்தில் அறுத்தால் சினை இருக்கிறது. ஆனால் எட்டு, பத்துக் கிலோ களவாவில் மஞ்சள் சினையை நான் பார்த்ததே இல்லை. வெள்ளையாக ஒரு பை மட்டும் இருக்கிறது. பெரிய களவா மலடு என்று எங்கள் அப்பா காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். அது சரிதானா ஐயா?
— ஒரு மீனவர், கீழக்கரை

நீங்கள் பார்த்தது முற்றிலும் சரி. அதற்கு வைத்த பெயர்தான் பொருந்தவில்லை. அந்த வெள்ளைப் பை ஆண் மீனின் விந்தகம். பருவத்தில் அதை மெல்ல அழுத்தினால் பால் போன்ற திரவம் வரும். பெரிய களவா மலடன்று, ஆண். உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடியது இதற்கு அடுத்த செய்தி: அந்த ஆண் மீன், பெரும்பாலும், சில ஆண்டுகளுக்கு முன்பு பெண்ணாக இருந்து முட்டையிட்ட அதே மீன்தான்.

களவாக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் குஞ்சுகள் வளர்ந்து முதலில் பெண்ணாகவே முதிர்ச்சி அடைகின்றன. பல பருவங்கள் முட்டையிட்ட பிறகு, உடல் ஓரளவு பெரிதானதும், அவற்றில் ஒரு பகுதி ஆணாக மாறுகிறது. ஆகவே ஒரே பாரில் பிடிபடும் களவாக்களை நீளவாரியாக அடுக்கி வைத்து அறுத்துப் பார்த்தால், சிறிய முனையில் பெண்களும் பெரிய முனையில் ஆண்களும் நடுவில் இரண்டும் கலந்தும் இருப்பதைக் காணலாம். எல்லாப் பெண்ணும் மாறிவிடுவதில்லை. சில இனங்களில் பெண் பருவத்தைக் கடக்காமலே ஆணாகும் சிறிய மீன்களும் உண்டு. எனவே ‘பெரியதெல்லாம் ஆண்’ என்பதைக் கட்டாய விதியாகக் கொள்ள வேண்டாம். முட்டையிட்டு முடித்த பெண்ணின் சினைப்பை சுருங்கித் தளர்ந்து கிடக்கும்; பருவம் தவறிய மாதங்களில் அதைப் பார்த்துச் சினையற்ற மீன் என்று ஏமாந்து போவதும் எளிது.

இயற்கை ஏன் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது என்று கேட்பீர்கள். ஒரு பெண் மீன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தன் உடலுக்கு ஏற்ற அளவு முட்டையை இட்டுவிட முடியும். ஆணின் நிலை அப்படியல்ல. பெரிய ஆண் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக் காத்து, அங்கு வரும் பெண்களோடு இணைசேரும் இனங்களில், சிறிய ஆணுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் சிறியதாக இருக்கும் காலத்தில் பெண்ணாக வாழ்ந்து, போட்டியிடும் அளவுக்கு வளர்ந்த பிறகு ஆணாவதே ஒரு மீன் தன் வாழ்நாளில் அதிகக் குஞ்சுகளை விட்டுச் செல்லும் வழி. அமெரிக்க உயிரியலாளர் மைக்கேல் கிசலின் 1969-இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

இந்த மாற்றத்தைக் கண்முன் காட்டியது களவா அன்று. பெரிய மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் புழுப்பூச்சிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும் ஒரு விரல் நீளச் சிறு மீன். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் அதைக் கவனித்து 1972-இல் எழுதினார். ஓர் ஆணும் சில பெண்களுமாக அவை ஒரு குடும்பம் போல வாழ்கின்றன. அந்த ஆணை நீக்கியதும், பெண்களில் பெரியது ஓரிரு மணி நேரத்திலேயே ஆண் போல மற்றவற்றை விரட்டத் தொடங்குகிறது; சில நாட்களில் ஆணின் நடத்தை முழுவதும் அதற்கு வந்துவிடுகிறது; 14 முதல் 18 நாட்களுக்குள் விந்தும் சுரக்கத் தொடங்குகிறது. நடத்தை முதலிலும் உறுப்பு பின்னாலும் மாறுகின்றன என்பதுதான் இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி.

உடலுக்குள் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றித் தரும் அரோமடேஸ் என்ற நொதி ஒன்று சினைப்பையில் இருக்கிறது. அதன் செயல் குறையும்போது ஈஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் வீழ்ந்து, முட்டை தரும் திசு சிதைந்து கரைய, அங்கேயே விந்துத் திசு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. களவாக் குஞ்சு உற்பத்தி செய்யும் பண்ணைகளில் ஆண் மீன் கிடைப்பது அரிதாக இருப்பதால், பெண் மீனுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்து முன்கூட்டியே ஆணாக்கிக்கொள்ளும் வழக்கம் இருப்பதும் இதனால்தான்.

பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன், மஞ்சள் நிறத்தில் நீலக் கோடுகளோடு ஒரு கிளிமீன் என்று சந்தையில் இரண்டு வகை வருகின்றன. எது சுவையானது என்று கேட்டால் விற்பவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். உண்மையா?
— ஓர் இல்லத்தரசி, தூத்துக்குடி

மன்னார் வளைகுடாவில் பரவலாகப் பிடிபடும் ஒரு கிளிமீன் இனத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. மஞ்சள் உடலில் நீலப் பட்டைகள் உள்ளவை பெரும்பாலும் பெண்கள். அவை வளர்ந்து ஆணாகும்போது நிறமும் பச்சை நீலமாக மாறிவிடுகிறது. முன்பு அறிவியலாளர்களே பல கிளிமீன் இனங்களின் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு இன்னொரு பெயருமாக வைத்து, அவற்றைத் தனித்தனி இனங்களாக எண்ணியிருந்தார்கள். சுவையை உங்கள் நாக்கின் தீர்ப்புக்கே விடுகிறேன். பச்சை நீலக் கிளிமீன் ஒன்று உங்கள் கூடைக்கு வரும்போது, பாரில் ஒரு கூட்டத்தின் ஆணே வந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு மீன் ஆணா பெண்ணா, முதிர்ந்ததா இல்லையா என்பதை ஆய்வாளர்கள் எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்? என் மாணவர்களுக்கு விளக்க வேண்டும்.
— ஓர் ஆசிரியை, இராமநாதபுரம்

ஆய்வுக்கூடத்தில் அல்ல, பெரும்பாலும் மீன் இறங்கும் கரையில்தான் இது தொடங்குகிறது. ஏலம் முடிந்த மீனை வாங்கியோ, வாங்கியவரிடம் கேட்டுப் பெற்றோ, நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு வயிற்றைத் திறப்பார்கள். முதுகெலும்பின் கீழே, நீந்துபையை ஒட்டி இரட்டையாகக் கிடப்பது இனப்பெருக்க உறுப்பு. மெல்லிய கண்ணாடி நூல் போல இருந்தால் முதிராதது. மஞ்சளாகப் பருத்து, முட்டைகள் வெறுங்கண்ணுக்கு மணல்மணியாகத் தெரிந்தால் முதிர்ந்த பெண். வெண்மையாகத் தடித்திருந்தால் முதிர்ந்த ஆண். அந்த உறுப்பை எடைபோட்டு, மீனின் எடையால் வகுத்து, நூறால் பெருக்கி வைப்பார்கள். மாதந்தோறும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், அது ஏறி உச்சம் தொட்டுச் சட்டென்று இறங்கும் மாதமே அந்த மீன் முட்டையிடும் மாதம். உங்கள் மாணவர்கள் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் கொண்டு தங்கள் ஊரிலேயே இதைச் செய்து பார்க்கலாம் என்று மனமார விரும்புகிறேன்.

பால் மாறும் மீன்களில் கண்பார்வை மட்டும் போதாது. உறுப்பின் ஒரு துண்டைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தாளினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்து ஆணான மீனின் விந்தகத்தின் நடுவில், ஒரு காலத்தில் முட்டை வழிந்தோடிய உட்குழி இன்னும் இருக்கும். மாறிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்ட மீனாக இருந்தால் சிதையும் முட்டைகளும் புதிய விந்துத் திசுவும் ஒரே சீவலில் அருகருகே தெரியும். வயதை அறியத் தலையிலுள்ள செவிக்கல்லை எடுத்து அறுத்து, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவது போல் எண்ணுவார்கள். மீனை நீளவாரியாகப் பிரித்து, எந்த நீளத்தில் பாதி மீன்கள் முதிர்ந்திருக்கின்றன என்று கண்டறிவதும் இந்த வேலையின் பயன்களில் ஒன்று. அந்த நீளத்தைத்தான் ‘இதற்குக் குறைந்த மீனைப் பிடிக்காதீர்கள்’ என்ற அறிவுரைக்கு அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

சிறிய மீனை விட்டுவிடு, பெரிய மீனைப் பிடி என்றுதான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். பால் மாறும் மீன்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தால் பாரில் வாழும் மீன்களுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் வருகிறது.
— மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர், மண்டபம்

உங்கள் ஐயம் நியாயமானது. சிறிய மீனை விட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஒரு முறைகூட முட்டையிடாத மீனைப் பிடிப்பது விதைநெல்லைச் சமைப்பதற்கு ஒப்பானது. ஆனால் அந்த அறிவுரை அதோடு நின்றுவிட்டால் களவா போன்ற மீன்களில் பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும். பெரியதை மட்டும் தேடித்தேடிப் பிடிப்பது அங்கே ஆண்களை மட்டும் பொறுக்கி எடுப்பதாக முடிகிறது.

மெக்சிகோ வளைகுடாவில் வாழும் ஒரு களவா இனத்தில் 1970-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 17 விழுக்காடாக இருந்த ஆண் மீன்கள் 1990-களில் ஒன்றிரண்டு விழுக்காடாகக் குறைந்துவிட்டன. பெண்கள் இருந்தன, சினையும் இருந்தது, கருவூட்டத்தான் ஆண் போதவில்லை. கரீபியக் கடலில் செயின்ட் தாமஸ் தீவின் அருகே சிவப்புப் புள்ளிக் களவா ஒன்று முட்டையிடக் கூடும் திட்டில் 1988-இல் ஓர் ஆணுக்குப் பதினைந்து பெண்கள் என்ற நிலை இருந்தது. 1990 முதல் முட்டையிடும் மாதங்களில் அத்திட்டில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். 1997-இல் பார்த்தபோது ஓர் ஆணுக்கு நான்கு பெண்கள் என்று நிலை திரும்பியிருந்தது. மீன்களின் சராசரி நீளமும் கூடியிருந்தது. 1999-இல் அத்திட்டை ஆண்டு முழுவதற்கும் மூடிவிட்டார்கள். பத்தாண்டுக்குள் பலன் தெரிந்த இந்த ஒரு சான்றே, நம் பார்களிலும் முயன்று பார்க்கலாம் என்ற நம்பிக்கையை எனக்குத் தருகிறது.

ஆண்களாலான சிக்கல் மட்டும் அன்று இது. செப்பிலி போன்ற, வாழ்நாள் முழுவதும் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இருக்கும் மீன்களிலும் பெரிய மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. அமெரிக்கக் கடற்கரையின் சிவப்புச் செப்பிலி இனத்தில் 61 செ.மீ. நீளமுள்ள ஒரே ஒரு பெண் இடும் முட்டைகளுக்கு ஈடாக 42 செ.மீ. நீளமுள்ள 212 பெண்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. சினைப்பை அதையும் விஞ்சி வளர்கிறது என்பதே இதன் காரணம்.

ஆகவே என் கருத்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விட்டுவிட்டு நடுத்தர அளவைப் பிடிப்பதே இத்தகைய மீன்களுக்கு ஏற்றது என்பதுதான். பெரிய களவாவுக்குக் கிடைக்கும் விலையை அறிந்தே இதை எழுதுகிறேன். டீசல் விற்கும் விலையில், ஒரு நாள் உழைப்புக்கு ஈடான மீனைத் திரும்பக் கடலில் விடு என்று சொல்வது எளிதன்று. தனியொருவர் மட்டும் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வதும் நியாயமாகாது; ஓர் ஊராகச் சேர்ந்து, ஒரு பாரை மட்டும் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள பெரிய மீனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தால் சுமை பகிர்ந்துபோகும்.

கொடுவா மீனும் பால் மாறும் என்று படித்தேன். அதுவும் பெண்ணாகத் தொடங்கி ஆணாகிறதா?
— கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

இல்லை, நேர் எதிர். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெரும்பாலும் ஆறு, ஏழு வயதளவில் பெண்ணாகிறது. அது பாரில் வாழும் மீனும் அன்று. ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து முட்டையிடக் கடலோரத்துக்கு வருவது. கொடுவாவில் பெரியதை எல்லாம் பிடித்தால் பெண்கள் தீர்ந்துபோகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொடுவாவுக்கு 58 செ.மீ. என்ற கீழ் எல்லையோடு 120 செ.மீ. என்ற மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள். நான் முந்தைய பதிலில் சொன்ன நடுத்தர அளவு என்பது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். பார்களில் கடற்சாமந்திக்குள் ஒளிந்து வாழும் கோமாளி மீனும் ஆணாகத் தொடங்குவதே. அங்கே கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்தால் அதன் துணையான ஆண் பெண்ணாகிவிடும்.

எங்கள் பகுதியில் ஓரா மீன் சில நாட்களில் கூட்டம் கூட்டமாகச் சினையோடு படும். பிறகு காணாமல் போய்விடும். நிலவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று முதியவர்கள் சொல்கிறார்கள். இதில் அறிவியல் இருக்கிறதா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இருக்கிறது. அந்த அறிவியலைத் தொடங்கி வைத்ததும் உங்கள் ஊர் முதியவர்களைப் போன்றவர்களே. பசிபிக் கடலில் பலாவு என்ற தீவுக்கூட்டத்தின் மீனவர்களோடு 1970-களில் வாழ்ந்து பழகிய ராபர்ட் ஜோகன்னஸ் என்ற உயிரியலாளர், எந்த மீன் எந்த மாதத்தில், நிலவின் எந்த நாளில், எந்தக் கால்வாயில் முட்டையிடக் கூடும் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மீனினங்களைப் பற்றி அவர்கள் தந்த செய்தி, அன்று அறிவியல் உலகம் உலகெங்கும் சேர்த்து வைத்திருந்ததையும் மிஞ்சியதாக இருந்தது. அங்குள்ள ஓரா அமாவாசை கழிந்த சில நாட்களில் கூட்டமாகத் திரண்டு முட்டையிடுவதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். ஓராவின் முட்டை பெரும்பாலும் மிதப்பதில்லை. ஒட்டும் தன்மை கொண்டு கடற்புல்லிலும் அடித்தரையிலும் பற்றிக்கொள்ளும். எனவே புல்தரையை வாரிச் செல்லும் வலை தாயை மட்டுமல்லாமல் முட்டையையும் சேர்த்தே அழிக்கிறது.

களவா, செப்பிலி ஆகியவற்றின் முட்டைகள் வேறு வகை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில், கண்ணாடி போலத் தெளிவாக மிதந்து, ஒரு நாளளவில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு வாரக்கணக்கில் நீரோட்டத்தில் அலைந்த பிறகே ஒரு பாரைத் தேடி அமரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் வலுத்த ஓட்டம் முட்டைகளைப் பாரிலுள்ள வாய்களுக்கு எட்டாமல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும் என்பது நிலவுக் கணக்குக்குக் கூறப்படும் காரணங்களில் முக்கியமானது. பெரிய களவா இனங்கள் சில, பல கிலோமீட்டர் நீந்திவந்து ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் ஒரே இடத்தில் கூடுகின்றன. அந்த இடத்தை ஒருமுறை கண்டுகொண்டவர் ஒரு பரப்பின் மீன் முழுவதையும் சில நாட்களில் பிடித்துவிட முடியும். கரீபியக் கடலின் லிட்டில் கேமன் தீவருகே 2001-இல் இப்படி ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே கூடிய ஏறத்தாழ 7,000 களவாக்களில் பாதிக்கும் மேல் இரண்டே பருவங்களில் பிடிக்கப்பட்டுவிட்டன. 2003-இல் தடை வந்தது. அதன் பிறகு அந்தக் கூட்டம் மெல்ல மீண்டு வருகிறது. உங்கள் முதியவர்கள் சொல்லும் நாட்களையும் இடங்களையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். ஆனால் அந்தக் குறிப்பேட்டை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, மீன் இனப்பெருக்கத்துக்கு அது போதாதா?
— ஒரு வாசகி, சென்னை

தமிழகக் கிழக்குக் கரையில் அத்தடை விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகுகள் அந்நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. வெப்பக் கடல்களில் பல மீன்கள் பல மாதங்களுக்குத் தவணை தவணையாக முட்டையிடுகின்றன, ஒவ்வோர் இனத்தின் உச்சமும் ஒரே மாதத்தில் விழுவதில்லை. இழுவலை ஓய்ந்திருப்பதால் கடலடித் தரைக்குக் கிடைக்கும் அமைதி மிகவும் நல்லது, அதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பாரில் வாழும் மீனுக்கு அதோடு கூட, அந்தந்த இனம் கூடும் இடத்தையும் நாட்களையும் பார்த்து வைக்கும் சிறு தடைகள் வேண்டும்.

பெரிய மீனை விடலாம் என்றே வைத்துக்கொள்வோம். தூண்டிலில் ஆழத்திலிருந்து வரும் களவா வயிறு ஊதி, மேலேயே மிதக்கிறது. அதை விட்டும் என்ன பயன்?
— கீழக்கரை மீனவரின் இரண்டாவது கேள்வி

ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கும்போது நீந்துபையிலுள்ள காற்று விரிந்து மீனை மிதக்க வைக்கிறது. இரைப்பை வாய்வழியே பிதுங்குவதும் அதனால்தான். அப்படியே விட்டால் கடற்பறவையோ வெயிலோ அதைக் கொன்றுவிடும். மீனைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோனால் அழுத்தம் கூடிக் காற்று சுருங்கிவிடும், பெரும்பாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். அதற்கு எளிய வழி உண்டு: முள்முனையை மழுக்கிய ஒரு தூண்டிலைத் தலைகீழாகக் கட்டி, அதன் கீழ் கனமான ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி இறக்க வேண்டும், அடியைத் தொட்டதும் கயிற்றைச் சுண்டி இழுத்தால் தூண்டில் கழன்று மீன் விடுபடும். மிதக்கும் மீனின் வயிற்றைக் கத்தியால் குத்திக் காற்றை விட முயல வேண்டாம். வாய்வழியே தெரிவது நீந்துபை அன்று, இரைப்பை. உங்கள் கூட்டுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆழம் குறைந்த பாரில் வைத்த கூட்டிலிருந்து எடுக்கும் மீன் உயிரோடும் காயமின்றியும் இருக்கும். ஈரக் கையால் பிடித்து, படகின் தரையில் போடாமல், எடுத்த பாரிலேயே உடனே விட்டுவிடுங்கள்.